வெள்ளிச் சிலையும் ஒரு ஜோடி கையுறையும்

நம் சென்டரில் படித்தவர்களுக்காக மலர் போடுகிறார்கள், அறுபதைத் தொட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு நினைவு எழுதித் தரவேண்டும் என்று குரூப்பில் செய்தி வந்ததும், நான் செய்த முதல் காரியம் போனைக் கவிழ்த்து வைத்ததுதான். இரண்டு நாள் கழித்து நிமிர்த்திப் பார்த்தால், நம் ஆள் ஒருவர் பழைய போஸ்டர் ஒன்றைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். உடம்பெல்லாம் வெள்ளி பூசின மொட்டைப் பையன் ஒரு விரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறான். அடியில் பட்டாசு வேலைப் பிள்ளைகளுக்கு உதவி கேட்டு இங்கிலீஷில் இரண்டு வரி. "இந்தப் பிள்ளை யாருன்னு தெரியுமா? இப்ப எங்கன இருக்கானோ, உயிரோட இருக்கானோ" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், அழுகிற முகங்கள். ஒருவர் "ஆண்டவரே" என்று மட்டும் போட்டிருந்தார்.

அழுகையை நிறுத்துங்கள். அது நான்தான்.

உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போனதில் குற்றம் இல்லை. அன்றைக்கு உடம்பு முழுக்க வெள்ளி. இன்றைக்குத் தலையில் மட்டும், அதுவும் காதோரமாகக் கொஞ்சம்.

நான்தான் என்று தட்டிவிட்ட மறு நிமிஷம் விழாக் கமிட்டியிலிருந்து போன். "அண்ணாச்சி, நீங்கதான் சாட்சி சொல்லணும். பட்டாசு வேலையில இருந்து ஆண்டவர் உங்களை எப்படி மீட்டாருன்னு ஒரு பத்தே நிமிஷம்." பத்து நிமிஷம் எனக்குக் காணாது. ஏனென்றால் நான் பட்டாசு வேலைக்கு ஒருநாள்கூடப் போனதில்லை. அதைச் சொல்லி முடிக்கவே அரைமணி ஆகும். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆமத்தூருக்கு மேற்கே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பன்னிரண்டு. அப்பா அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைத்தாள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று, கம்பி மத்தாப்புக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மரச் சட்டத்தின் ஓட்டைகளில் கம்பியைக் குத்தி, பெரியவர்கள் அதை மருந்துக் கரைசலில் முக்கிக் கொடுக்க, சட்டத்தோடு வெயிலில் கொண்டுபோய் வைக்கிற வேலை. சொட்டச் சொட்டத் தூக்குவதால் கை முழங்கை வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஊறிப்போயிருக்கும். அவள் கைகழுவிய தண்ணீர் வாசலில் தேங்கி, மறுநாள் வெயில் பட்டால் மினுங்கும். நான் அதில் காகிதக் கப்பல் விடுவேன். கப்பலும் மினுங்கும்.

விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து ஆரன் அடிக்கும். அரைத் தூக்கத்தில் பிள்ளைகள் ஏறும். எனக்கு அந்த ஆரன் சத்தம் 'இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கலாம்' என்பதற்கான அடையாளம். அவ்வளவுதான். வேறு எதுவும் எனக்குத் தோன்றியதாக ஞாபகம் இல்லை.

அக்காவிடம் ஒரு ஜாமெட்ரி பெட்டி இருந்தது. ஆறாம் வகுப்புக்கென்று அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆறாம் வகுப்புத்தான் வரவில்லை. காம்பஸ், ஸ்கேல், சீவாத பென்சில் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்ப்பாள், மூடுவாள்.

அந்த ஆவணியில்தான் சிலுவை வைத்த வேதக்கோயில் பக்கம் பேச்சு கிளம்பியது. வெளிநாட்டிலிருந்து உதவி வருகிறதாம். வீட்டுக்கு ஒரு பிள்ளையை எடுப்பார்களாம். பை, நோட்டு, சட்டை, மருந்து மாத்திரை, சாயங்காலம் பாடம், சனிக்கிழமை முட்டையோடு சாப்பாடு. கடல் தாண்டி ஒருவர் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளை மாதிரி ஏற்றுக்கொள்வாராம். சென்டரை நடத்திய டீச்சரம்மா தெருத்தெருவாக வந்து சொன்னார்கள். "திங்கக்கிழமை போட்டோ எடுக்க ஒரு வெள்ளைக்காரம்மா வாராங்க. பிள்ளைகளைச் சுத்தமாக் கூட்டிட்டு வாங்க."

எங்கள் வீட்டில் யோசனைக்கே இடமில்லை. எடுபட்டால் அக்கா கம்பெனியை விட்டு நின்று பள்ளிக்கூடம் போவாள். இது அம்மாவே சொன்னது. "இவனுக்குத்தான் அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கே, அங்கன போயித் தூங்கிட்டு வாரான்" என்று என் எதிர்காலத்தையும் அதே மூச்சில் முடித்துவிட்டாள். அக்கா அன்றைக்கு ஜாமெட்ரி பெட்டியை எடுத்து பென்சிலைச் சீவினாள்.

டீச்சரம்மா 'சுத்தமாக' என்று சொன்னதை அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காய்ச்சல் என்று சொல்லி அக்காவுக்கு இரண்டு நாள் லீவு போட்டு, புளி, அடுப்புச் சாம்பல், மண்ணெண்ணெய், பீர்க்கங்கூடு என்று வரிசையாக வைத்துத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்ததைக் கருவேல முள்ளால் எடுத்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தால் அவள் கை, பிறந்த பிள்ளையின் கை மாதிரி சிவந்து கிடந்தது.

நடுவில் ஒருவர் வந்து போனார். கம்பெனிக்குப் பிள்ளைகள் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டு. "ஏம்மா, திங்கக்கிழமை ஜீப்பு வருதாம்ல? ஜீப்புல வாரவுக யாரா இருந்தாலும் வேலைக்குப் போறோம்னு பிள்ளைக வாயில வரப்பிடாது. வந்துச்சு, பெறகு நம்ம பஸ்ஸு உங்க தெருவுக்குள்ள வராது, பாத்துக்கோங்க." ஜீப் என்றால் அவருக்கு இன்ஸ்பெக்டர்தான். வேறு ஜீப்பை அவர் கண்டதில்லை. அம்மா அக்காவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். "வேலைக்குப் போறியான்னு கேட்டா?" "போகல." "வீட்டுல என்ன செய்யுத?" "சும்மா இருக்கேன்." அக்கா எந்தப் பாடத்தையும் ஒரே தடவையில் மனப்பாடம் செய்துவிடுவாள்.

இனி என் பங்கு.

அந்த ஆடிக் கடைசி வெள்ளிக்குத்தான் இருக்கன்குடி அம்மன் கோயிலில் எனக்கு மொட்டை போட்டிருந்தார்கள். விருதுநகர் பஜார் முக்கில் ஒரு விரலை உயர்த்தி நிற்கிற தலைவர் சிலை உண்டு. வருஷத்துக்கு ஒருதரம் வெள்ளி பெயிண்ட் அடிப்பார்கள். அதைப் பார்த்ததிலிருந்து சிலையாக வேண்டும் என்பதே என் லட்சியமாக இருந்தது. பிள்ளைகளுக்கு டாக்டர் ஆசை, போலீஸ் ஆசை இருக்கும். எனக்குச் சிலை ஆசை. வேலையும் குறைவு.

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும், மத்தாப்புக் கம்பெனிக்கு அலுமினியப் பொடி வந்த காலி டின்தான் அரிசி டின். கழுவினாலும் அதன் மூட்டுக்குள் பொடி தங்கியிருக்கும். திங்கட்கிழமை அம்மாவும் அக்காவும் வேதக்கோயிலுக்குப் புறப்பட்டதும், அரிசி தீர்ந்து கிடந்த டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு கை நிறைய வந்தது. தேங்காய் எண்ணெயில் குழைத்து, மொட்டையிலிருந்து முட்டி வரைக்கும் பூசிக்கொண்டேன். தெருப் பையன்கள் என்னை வேதக்கோயிலுக்கு எதிரே மோட்டார் ரூம் திண்டில் ஏற்றி எருக்கம்பூ மாலை போட்டார்கள். ஒருத்தன் கட்சிக்காரன் மாதிரிக் கும்பிட்டான். அசையாமல் பேசாமல் நின்றால் ஒரு பம்பரம் என்று பந்தயம்.

எதிர்ப்பக்கம் வரிசை நின்றது. அக்காதான் முதல் ஆள். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, சிவந்த கை. டீச்சரம்மா கேட்பதும் அவள் சொல்வதும் எனக்குக் கேட்டது.

"வேலைக்குப் போறியாம்மா?"

"போகல டீச்சர்."

"வீட்டுல என்ன செய்யுத?"

"சும்மா இருக்கேன்."

கையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். டீச்சரம்மா அதைத் திருப்பிப் பார்த்து, வெள்ளைக்காரம்மாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லி, அக்கா கன்னத்தைத் தட்டி ஓரமாக நிற்கச் சொன்னார்கள். வேலைக்குப் போகிற பிள்ளைகளை மீட்கத்தான் அந்த உதவி என்பது தெருவில் யாருக்கும் சரியாகச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மா தேய்த்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அழுக்குக் கையோடு பிள்ளையை அந்நியர் முன்னால் நிறுத்துகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

அப்போது அந்த வெள்ளைக்காரம்மா திரும்பினார். திண்டில் நிற்கிற என்னைப் பார்த்தார். காமிரா கிளிக் என்றது. கூட இருந்த பையன்கள் எல்லாரும் பறந்துவிட்டார்கள். அவர் ரோட்டைத் தாண்டி வந்து என் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். விரலில் வெள்ளி ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஏய்யா, எந்தக் கம்பெனிக்குப் போற?" என்றார்கள் டீச்சரம்மா.

சிலை பேசாது.

"பயப்படாத. யாரும் அடிக்க மாட்டாக. என்ன வேலை குடுக்குறாக ஒனக்கு?"

சிலை பேசவே பேசாது. விரலை மட்டும் உயர்த்தி வைத்திருந்தேன். கை கடுத்தது. பம்பரம் இருக்கிறதே.

பேச்சே போய்விட்ட பிள்ளை என்று டீச்சரம்மா சொல்லியிருக்க வேண்டும். வெள்ளைக்காரம்மா இன்னும் கூடுதலாக அழுதார். வரிசையிலிருந்து ஓடிவந்த அம்மா, "எம் மயன்தான், எம் மயன்தான். மன்னிச்சிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அதைத் தாயின் துக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். என் பேரையும் எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை. முடிந்தது.

அக்கா ஓரத்தில் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. சிலை தலையைத் திருப்பக் கூடாது.

பம்பரத்தை ஜெயித்தேன்.

அன்றைக்கு வீட்டில் சத்தம் எதுவும் இல்லை. எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டு அடி விழுந்தது, அதுவும் எண்ணெயை வீணாக்கியதற்காக. "டீச்சர்ட்டப் போயி மாத்திச் சொல்லிருவமா?" என்று அம்மா ஒரு தரம் கேட்டாள். மாற்றிச் சொன்னால் அக்கா கம்பெனிக்குப் போகிறாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பஸ் வராது. சொன்ன பிறகும் அவர்கள் மாற்றிக் கொடுக்காமல் போய்விட்டால் பஸ்ஸும் இல்லை, பையும் இல்லை. அம்மா விளக்கை ஊதி அணைத்தாள். மறுநாள் விடியுமுன் ஆரன் அடித்தது. அக்கா ஏறிப் போனாள். நான் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

சென்டருக்குப் போன முதல் நாள் அக்காவே ஜாமெட்ரி பெட்டியை என் பையில் வைத்தாள். "தொலச்சிராதலே" என்றாள். காம்பஸை முதல் வாரமே தொலைத்தேன்.

அதற்குப் பிறகு கடிதங்கள். உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு வந்தது கடல் தாண்டி ஓர் அம்மாளிடமிருந்து. முதல் கடிதத்திலேயே, 'மருந்து பட்டுக் கொட்டிய முடி மறுபடி முளைத்துவிட்டதா?' என்று கேட்டிருந்தார். டீச்சரம்மா தமிழில் வாசித்துச் சொன்னபோது நான் சிரித்தேன். அவர்கள் என் தலையைத் தடவி, "சிரிக்கப் படிச்சிட்டான்" என்றார்கள். இருக்கன்குடி மொட்டை என்று நான் சொல்லவில்லை. முளைத்துவிட்டது என்று பதில் எழுதினேன். அந்த அம்மாள் அதைப் பெரிய அற்புதமாக எடுத்துக்கொண்டு எனக்குச் சீப்பு அனுப்பினார்.

அடுத்த கடிதத்தில், கம்பெனியில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? இருட்டினபின் பஸ்ஸிலிருந்து இறங்கின அக்காவிடம் கேட்டேன். அவள் கைகழுவிக்கொண்டே சொன்னாள். எத்தனை ஓட்டை, எத்தனை கம்பி, கழுத்து எங்கே வலிக்கும், மருந்து கண்ணில் தெறித்தால் என்ன செய்வார்கள். நான் எழுதிக்கொண்டேன், நான் என்று போட்டு. யாராவது பெரியவர்கள் சென்டரைப் பார்க்க வந்தால் என்னை முன்னால் விட்டு, வேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள். வெறும் காற்றில் கம்பி குத்திக் காட்ட வேண்டும். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏலே, இப்பிடியா பிடிப்பாக? இது என்ன, பூப்பறிக்கவா போற? கட்டைவெரலை மடக்கு. ஆங். இப்பக் குத்து."

"சரியா இருக்காக்கா?"

"வேகம் பத்தாது. இந்த வேகத்துக்கு ஃபோர்மேன் ஒன்னைய மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிருவான்."

சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வந்தவர்கள் அழுவார்கள். அந்த வரிசை எப்போதும் மாறியதில்லை.

டீச்சரம்மாவுக்கு ஒருநாள் தெரிந்துபோயிற்று. நான் சளியில் படுத்திருக்கிறேன் என்று பார்க்க வந்தார்கள். அந்த நேரம் பார்த்து அக்கா முழங்கை வரைக்கும் சாம்பல் அப்பிய கையோடு உள்ளே வந்தாள். டீச்சரம்மா அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு போர்வைக்கு வெளியே கிடந்த என் கையைப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு ஏம்மா போகலன்னு சொன்ன?"

"அப்பிடித்தான் சொல்லச் சொன்னாக டீச்சர்."

"பேரு கடல் தாண்டிப் போயிருச்சே" என்றார்கள். அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை. பிறகு, "சாயங்காலம் ஆறு மணிக்குப் பாடத்துக்காவது வாரியா?" என்று கேட்டார்கள். பஸ் இறக்கிவிடுவதே ஏழரைக்கு. அக்கா அதைச் சொன்னாள். டீச்சரம்மா தலையாட்டிவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷி. அடுத்த சனிக்கிழமையிலிருந்து என் இலையில் இரண்டு முட்டை. ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, "இது அக்காவுக்கு" என்று கையில் கொடுப்பார்கள். சென்டருக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் உண்டு. பாலத்தைத் தாண்டி அந்த முட்டை போனது எத்தனை வாரம் என்று கேட்காதீர்கள்.

அடுத்த வருஷம் அந்த அம்மாள், கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, எவ்வளவு வளர்ந்திருக்கிறாய் என்று பார்க்கிறேன் என்று எழுதினார். டீச்சரம்மா மூன்று தாள் கொடுத்தார்கள். ஒன்றில் ஆறு விரல் வரைந்தேன். இன்னொன்றில் என் காலை வரைந்தேன். மூன்றாவதை வைத்துக்கொண்டு வீட்டில் முழித்தேன்.

"அசையாம வைக்கணும்லே. இங்க பாரு, இப்பிடி" என்று அக்கா தன் கையைத் தாளில் விரித்து வைத்தாள். எனக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. அப்படியே அவள் கையைச் சுற்றி வரைந்துவிட்டேன். அவள் சீவி வைத்திருந்த அதே பென்சில். விரல் இடுக்கில் பென்சில் போகும்போதெல்லாம், "கூசுதுலே, கூசுதுலே" என்று கத்திச் சிரித்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை. தாள் போய்ச் சேர்ந்தது.

கிறிஸ்துமஸுக்குப் பார்சல் வந்தது. சிவப்புக் கம்பளியில் பின்னிய ஒரு ஜோடி கையுறை. அந்த அம்மாளே பின்னியதாம். 'வேலை செய்து நொந்த உன் கைகளுக்கு' என்று எழுதியிருந்தார். நம் ஊர் வெயிலில் கம்பளிக் கையுறை! எனக்கு அது தொளதொளவென்று நின்றது. அக்கா வாங்கி மாட்டினாள். விரல் விரலாக, நகம் வரைக்கும், தைத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. இத்தனைக்கும் நடுவில் வரவேண்டிய கைக்குச் சரியாக வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். அன்று சாயங்காலம் முழுக்க அதை மாட்டிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"இத எனக்குத் தாறியாலே?"

"எம் பேருக்குல்ல வந்திருக்கு" என்றேன்.

கழற்றிக் கொடுத்துவிட்டாள். நான் அதை விக்கெட் கீப்பர் கிளவுஸாக வைத்துக்கொண்டேன். தை மாதத்துக்குள் ஒன்று கண்மாயில் போயிற்று. மற்றதை நாய் தூக்கிக்கொண்டு போயிற்று.

படித்தேன். சென்டர் படிக்க வைத்தது, அதில் பொய்யில்லை. சிமெண்ட் ஆலையில் டைம் கீப்பராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். சட்டையில் சாம்பல் படிகிற வேலைதான். ஆண்டவருக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு. அக்கா முட்டி மடக்க முடியாமல் போகும்வரை கம்பெனிக்குப் போனாள். இப்போது இரண்டு தெரு தள்ளி, மகன் வீட்டில் இருக்கிறாள்.

போன வாரம் அவளிடம் போய்ப் போனில் அந்தப் போஸ்டரைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"செலைன்னா கண்ணு இமைக்கப் பிடாதுல. பாரு, அரைக்கண்ணு மூடியிருக்கு. அந்தப் பம்பரம் செல்லாது" என்றாள்.

இவ்வளவு வருஷத்தில் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு ஒனக்கு வருத்தமா இருந்துச்சாக்கா?"

"அழுதேன்ல. மோட்டார் ரூமுக்குப் பெறத்தால போயி. நீ பாக்கல."

"பெறகு?"

"பெறகு என்ன? மறுநா பஸ்ஸு வந்துருச்சு."

கமிட்டிக்காரர்களே, நான் மேடை ஏறப் போவதில்லை. காற்றில் கம்பி குத்திக் காட்டுவதற்கு இப்போது கட்டைவிரல் மடங்க மாட்டேன் என்கிறது. இதோடு ஒரு தாள் இணைத்திருக்கிறேன். மலரில் அந்தப் போஸ்டரைப் போடப்போகிற இடத்தில் இதைப் போடுங்கள். கை என்னுடையது இல்லை. கடல் தாண்டிப் போன பழைய தாளிலும் என்னுடையது இல்லை.

பேத்தியின் நோட்டில் தாள் கிழித்து, அக்காவின் கையை அதில் வைக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. விரித்து வைத்தாள். முன்பு மாதிரி நேராக விரியவில்லை. பென்சிலைக் கட்டைவிரலில் தொடங்கி, மெதுவாக ஒவ்வொரு இடுக்கிலும் இறக்கி ஏற்றினேன். வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தினேன்.

"கூசலையாக்கா?"

அக்கா அடுப்பு இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டுட்டியா, இனிமேத்தானா?" என்றாள். "சீக்கிரம் போடுலே. உலை கொதிக்குது."